ஆய்வுக்கு வந்த பணம் – 4: அட்டோக் சேறும் காரைக்குடி நிலமும்

ராவல்பிண்டிப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்த அட்டோக் எண்ணெய்க் கம்பெனிக்கு 1930-களில் ஒரு தொல்லை வந்தது. எண்ணெயால் வந்த தொல்லையல்ல, சேற்றால் வந்தது.

நம்மூரில் போர் போடும்போது தண்ணீரும் சகதியுமாக மேலே பீறிட்டு வருவதைப் பார்த்திருப்போம். எண்ணெய்க் கிணற்றில் அந்தச் சேற்றைக் கம்பெனிக்காரர்களே கலக்கி உள்ளே செலுத்துவார்கள். துளைக்கும் முனையின் சூட்டைத் தணிப்பது, உடைந்த கல்துகளை மேலே சுமந்து வருவது, துளையின் பக்கச்சுவர் சரியாமல் தாங்குவது எல்லாம் அந்தச் சேற்றின் வேலை. அதற்கு அது கூழ்போல ஓட வேண்டும். அட்டோக் கிணறுகளில் ஓடவில்லை. பூமிக்குள் இருந்த உப்புநீர் பட்டதும் சேறு இறுகிக் கட்டியாகிவிட்டது. முனை சுழலவில்லை, வேலை நின்றது.

கம்பெனி இந்தச் சேற்றை லாகூருக்குக் கொண்டுபோனது. பஞ்சாப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் கூழ்மங்களைப் படித்தவர். பிரச்சினை எந்திரத்தில் இல்லை, மின்னேற்றத்தில் இருக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கியது. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கும். அதனால்தான் சேறு ஓடுகிறது. உப்பு கலந்தால் அந்தத் தள்ளும் விசை குறைந்துவிடும். துகள்கள் ஒட்டிக்கொள்ளும், சேறு திரிந்து கெட்டிப்படும். பட்நாகர் செய்தது இவ்வளவுதான்: சேற்றில் இந்திய மரப்பிசின் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். பிசின் சேர்ந்த சேறு இளகி ஓடியது. உப்புநீர் பட்டும் திரியவில்லை. பெரிய எந்திரம் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

அட்டோக் கம்பெனிக்குப் பின்னால் இருந்தது பர்மாவில் அரிசி வணிகத்தில் வளர்ந்த லண்டன் நிறுவனமான ஸ்டீல் பிரதர்ஸ். மகிழ்ந்துபோன அந்த நிறுவனம், பெட்ரோலியம் தொடர்பாக எந்த ஆராய்ச்சி வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. பேராசிரியர் அதைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தால் அந்தக் காலத்தில் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். பட்நாகர் பணத்தைப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கச் சொன்னார். அதைக் கொண்டு அங்கே பெட்ரோலிய ஆய்வுக்கென்று தனித் துறை ஒன்று எழுந்தது. மெழுகின் வாடையைப் போக்குவது, மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துவது, உலோகம் அரிப்பதைத் தடுப்பது, சுத்திகரிப்பில் மிஞ்சும் கழிவுக்குப் பயன் தேடுவது எனக் கம்பெனிக்கு நேரடியாக உதவும் கேள்விகளே அந்தத் துறைக்குப் பாடமாயின. முதலில் ஐந்து ஆண்டுக்கென்று பேசிய ஏற்பாட்டைக் கம்பெனி பிறகு தொகையையும் கூட்டிப் பத்து ஆண்டுக்கு நீட்டித்தது. இயற்பியலாளர் மேகநாத் சாகா, பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பையே உயர்த்திவிட்டீர்கள் என்ற கருத்தில் பட்நாகரைப் பாராட்டி எழுதினார். இதே சாகா பின்னாளில் பட்நாகரின் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தொழிலிடம் பணம் வாங்கும் பழக்கம் பட்நாகருக்கு ஸ்டீல் பிரதர்ஸோடு தொடங்கவில்லை. அவருக்கு வந்த முதல் தொழில்துறைச் சிக்கல்களில் ஒன்று, லாகூரின் புகழ்பெற்ற பொறியாளர் சர் கங்கா ராம் கொண்டுவந்தது: கரும்புச் சக்கையைக் கால்நடைத் தீவனமாக்க முடியுமா என்பது. டெல்லி கிளாத் மில்ஸ், டாடா ஆயில் மில்ஸ் போன்றவையும் அவரிடம் வந்தன. அரசுப் பணம் ஆய்வாளனுக்கு எப்படி வந்து சேரும் என்பதும் அவருக்குத் தெரியும், வாங்கியவர் அவர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு உதவித்தொகை பெற்று அமெரிக்காவுக்குப் புறப்பட்டவருக்கு, ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய்களால் நிரம்பிய கப்பல்களில் இடம் கிடைக்கவில்லை. லண்டனிலேயே தங்கி, யூனிவர்சிட்டி காலேஜில் டானன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து 1921-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது பிரிட்டிஷ் அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை.

அந்தத் துறையைப் பற்றி ஒரு பத்தி சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பின்னால் நடந்ததற்கு அதுவே அச்சு. போர் தொடங்கியபோது சாயம், கண்ணாடி, மருந்து என எத்தனையோ பொருளுக்கு ஜெர்மனியை நம்பியிருந்தது பிரிட்டனுக்கு உறைத்தது. 1916-ல் இந்தத் துறையை அமைத்து, தொழில்துறை ஆய்வுக்கென்று 10 லட்சம் பவுன் நிதியையும் ஒதுக்கினார்கள். ஒரே தொழிலில் இருக்கும் கம்பெனிகள் சேர்ந்து ஓர் ஆய்வுச் சங்கம் தொடங்கிப் பணம் போட்டால், அரசும் ஈடாகப் போடும். கூடவே பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் மானியம். பட்நாகர் பெற்ற 250 பவுன் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

இந்தியாவில் அப்படி எதுவும் இருக்கவில்லை. தாமஸ் ஹாலண்ட் தலைமையிலான தொழில் ஆணையம் 1918-ல் அறிக்கை கொடுத்தது, அதோடு சரி. 1935-ல்தான் அரசின் கொள்முதல் துறைக்குள் தொழில் தகவல், ஆராய்ச்சிப் பணியகம் என்று ஒன்று வேலை தொடங்கியது. அதன் ஆண்டுச் செலவு 1.2 லட்சம் ரூபாய். லாகூரில் ஒரே கம்பெனி ஒரே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஒன்றரை லட்சத்தை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 30,000 ரூபாய். பர்மாவும் சேர்ந்த இந்தியத் துணைக்கண்டம் முழுமைக்கும் மத்திய அரசு இந்தக் கணக்கில் ஒதுக்கியது அதைப்போல வெறும் நான்கு மடங்கு. பணியகம் சோதனை செய்தது, தகவல் திரட்டியது. பெரிய ஆய்வு எதற்கும் அந்தப் பணம் காணாது.

1939-ல் மறுபடியும் போர். கப்பல் வரத்துக் குறைந்து, வெளியிலிருந்து வரும் ரசாயனமும் உதிரிப்பொருளும் எட்டாக்கனியாயின. வைஸ்ராயின் நிர்வாக சபையில் அப்போது வணிக உறுப்பினராக இருந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் மேடையில் வளர்ந்தவர், அதன் பத்திரிகையான ‘ஜஸ்டிஸ்’ இதழின் ஆசிரியராக இருந்தவர், வாதத்தில் வல்லவர். பழைய பணியகத்தை மூடிவிடலாம் என்று அவர் பரிந்துரைத்தார். சிக்கனத்துக்காக அல்ல, அதைவிடப் பெரிய ஓர் அமைப்புக்கு இடம்விடட்டும் என்பதற்காக. 1940 ஏப்ரல் 1-ஆம் தேதி அறிவியல், தொழில் ஆராய்ச்சி வாரியம் பிறந்தது. தலைவர் முதலியார், இயக்குநராக லாகூரிலிருந்து பட்நாகரை அழைத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். ஆயுள் இரண்டு ஆண்டு என்று முதலில் வரையறுத்திருந்தார்கள்.

வாரியத்துக்குச் சொந்தமாகக் கல்கத்தா அலிப்பூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் இருந்தது. பெரும்பகுதி வேலையோ வெளியில் நடந்தது. துறைவாரிக் குழுக்கள், பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் அனுப்பும் திட்டங்களைப் பார்த்து மானியம் கொடுத்தன. பேராசிரியர் தன் கல்லூரியிலேயே இருப்பார். உதவியாளர் சம்பளமும் கருவிக்கான பணமும் வாரியத்திலிருந்து வரும். 1940 முடிவதற்குள் இப்படிச் சுமார் 80 ஆய்வாளர்கள் வேலையில் இருந்தார்கள். அவர்களில் வாரியத்தின் நேரடிச் சம்பளக்காரர்கள் கால்பங்குதான். இந்த விகிதம் முக்கியம். முதல் ஆண்டில் இந்திய அரசின் ஆய்வுப் பணம் பெரும்பாலும் பிறர் வீட்டு அடுப்பில்தான் சமைத்தது. தனக்கென்று சமையற்கட்டு கட்டும் யோசனை பிறகு வந்தது.

போர்க்கால அவசரம் அந்த ஆய்வுகளின் பட்டியலிலேயே தெரியும்: பலுசிஸ்தான் கந்தகத்தைச் சுத்தம் செய்வது, நச்சுப்புகை புகாத துணி, தாவர எண்ணெய் கலந்த எரிபொருளும் மசகும், சீருடைக்குச் சாயம், பூச்சிக்கொல்லிக் குழம்பு, விமானத்திலிருந்து போட்டாலும் வெடிக்காத கொள்கலன். ஆய்வுக்கூடத்தில் ஒன்றைச் செய்து காட்டுவதும் ஆலையில் டன் கணக்கில் எடுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. சீசாவில் வந்த சாயம் பீப்பாயில் வர வேண்டுமானால் முதலாளி பணம் போட வேண்டும்; அவர் போட வேண்டுமானால் செய்முறை தனக்கு எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்று தெரிந்தாக வேண்டும். பட்நாகர் வற்புறுத்தி 1941-ன் தொடக்கத்தில் தொழில் ஆராய்ச்சிப் பயன்பாட்டுக் குழு என்று ஒன்றை அமைக்கச் செய்தார். எந்தக் கண்டுபிடிப்பை எந்த ஆலைக்கு, என்ன ராயல்டிக்குக் கொடுப்பது என்பது அதன் பொறுப்பு. வரும் ராயல்டி அரசின் பொதுக் கஜானாவில் கரைந்துவிடாமல் தனி நிதியாக நின்று மறுபடி ஆய்வுக்கே செல்லும் என்றும் அரசை ஒப்புக்கொள்ள வைத்தார். அரசாங்கக் கணக்கு எப்படி ஓடும் என்று அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அரிய வெற்றி என்பது புரியும்.

அடுத்தது முதலியாரின் முறை. ஆண்டுதோறும் கையேந்தாமல் இருக்க வேண்டும் என்று, ஆண்டுக்கு 10 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுக்கு ஒரு தொழில் ஆராய்ச்சி நிதியை அவர் கேட்டார். 1941 நவம்பரில் மத்திய சட்டசபை அதை ஏற்றது. ஐந்து ஆண்டுக்கு உறுதியான பணம் என்றால் ஆய்வாளனுக்கு அதன் அருமை தொகையில் மட்டும் இல்லை, கால அளவிலும் இருக்கிறது. ஓராண்டு மானியத்தை நம்பி யாரும் ஒரு நல்ல மாணவனை வேலைக்கு வைக்கவோ, பாதியில் நிற்கக்கூடிய சோதனையைத் தொடங்கவோ மாட்டார்கள். அந்த நிதியைக் கையாளத் தன்னாட்சி கொண்ட ஒரு சங்கம் தேவைப்பட்டது. 1942 செப்டம்பர் 26 அன்று அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் செயல்படத் தொடங்கியது. இன்று சி.எஸ்.ஐ.ஆர். என்று எல்லோரும் அறிந்த அமைப்பு அது. வாரியமும் பயன்பாட்டுக் குழுவும் அதற்கு ஆலோசனை சொல்லும் அவைகளாயின.

இதுவரை கதை மானியத்தின் கதை. 1943-ல் பாதை திரும்புகிறது. அந்த ஆண்டு மன்றத்தின் ஆட்சிக்குழு பட்நாகரின் வேறொரு திட்டத்தை ஏற்றது: வேதியியல், இயற்பியல், உலோகவியல், எரிபொருள், கண்ணாடியும் பீங்கானும் என ஐந்து தேசிய ஆய்வுக்கூடங்கள். 1944-ல் இதற்கென ஒரு கோடி ரூபாய் மானியம் வந்தது. டாடா குழுமம் 20 லட்சம் கொடுத்தது. அதே காலத்தில் லண்டனிலிருந்து வந்து நாட்டைச் சுற்றிப்பார்த்த உடலியலாளர் ஏ.வி. ஹில் இந்திய அறிவியல் பற்றி அறிக்கை எழுதினார். கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் தலைமையில் தொழில் ஆராய்ச்சித் திட்டக்குழு ஒன்றும் அமர்ந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் அவர்தான். ஆய்வுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போட்ட ஒருவர் மூன்றாண்டுக்குள் பெட்டிச்சாவியையும் வாங்கியது வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் அவர் ஓராண்டுதான் அமர்ந்தார்.

சுதந்திரம் வந்ததும் ஜவாஹர்லால் நேரு, பிரதமர் என்ற முறையில் மன்றத்தின் தலைவரானார். ஆய்வுக்கூடங்கள் ஐந்தோடு நிற்கவில்லை. தோலுக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று வளர்ந்தன. எந்த ஊரில் எது என்ற கேள்வி வந்தபோது நிலமும் நன்கொடையும் பேசின. அந்தப் பேச்சில் மிகத் துணிந்து குரல் கொடுத்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார்.

அழகப்பர் அதற்குமுன்பே இந்த வழிக்கு வந்துவிட்டார். 1944-ல் அவர் கொடுத்த 5 லட்சத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கிண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி கிடைத்தது, பொதுப்பேச்சில் ஏ.சி. டெக். 1947-ல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், ஊர்தோறும் கல்லூரி எழுப்பச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்டுக் காரைக்குடியில் கல்லூரி தொடங்கவும் அழகப்பர் தயங்கவில்லை. அந்தத் துணைவேந்தர் மருத்துவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், ராமசாமி முதலியாரின் இரட்டைச் சகோதரர். ஒரு வயிற்றில் ஒன்றாகப் பிறந்தவர்களில் ஒருவர் டெல்லியில் ஆய்வுக்கான நிதியைக் கட்டியெழுப்ப, இன்னொருவர் சென்னையில் 27 ஆண்டு பல்கலைக்கழகத்தை நடத்தினார்.

மின்வேதியியலுக்கு ஓர் ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்றதும் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்தார். டாடா குழுமம் தந்த 20 லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், தனியொருவர் கொடுத்த தொகையின் கனம் தெரியும். அலுமினியம், மக்னீசியம் போன்ற உலோகங்களைப் பிரித்தெடுப்பது, முலாம் பூசுவது, மின்கலம், துரு என்று இந்தத் துறையில் எல்லாமே மின்சாரத்தோடு தொடர்புடையவை. பெரிய ஆலையோ துறைமுகமோ இல்லாத செட்டிநாட்டுச் செம்மண் காட்டில் இப்படியோர் ஆய்வுக்கூடம் எதற்கு என்று கேட்டால் அழகப்பரின் நன்கொடையைத் தவிர வலுவான விடை கிடைப்பது கடினம். 1948 ஜூலை 25 அன்று நேரு அங்கே அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று குடியரசுத் துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்கள் அதன் ஆங்கிலச் சுருக்கத்தைச் ‘சிக்ரி’ என்று வாய்க்கு வாகாக ஆக்கிக்கொண்டார்கள்.

சென்னை அடையாறில் எழுந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வேறு மாதிரி. அதற்கு 1948 ஏப்ரல் 24 அன்று அடிக்கல் நாட்டியவர் தொழில் அமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி. இங்கே இடத்தேர்வுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், குரோம்பேட்டை என்று தோல் ஷாப்புகள் சுற்றிலும் இருந்தன, பெரியமேட்டில் தோல்மண்டி. ஆவாரம்பட்டை ஊறிய குழியில் தோலைப் பதப்படுத்தி அரைகுறையாகக் கப்பலேற்றி, வெளிநாட்டில் அது மெருகேறிப் பல மடங்கு விலைக்குப் போவதை அந்தத் தொழில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த மதிலுக்கு அப்பால் ஏ.சி. டெக். அங்கே தோல் தொழில்நுட்பம் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வு நிறுவனத்திலும் வகுப்புக்கு வந்தார்கள். பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது, பாடத்தின் பெரும்பங்கை ஆய்வாளர்கள் நடத்தினார்கள், படித்தவர்களைத் தோல் ஷாப்புகள் எடுத்துக்கொண்டன. நாடு முழுவதும் எழுந்த தேசிய ஆய்வுக்கூடங்களில் இத்தனை நெருக்கமான ஏற்பாடு அபூர்வம். 1958-ல் இயக்குநரான நாயுடம்மா இதன் பலனை எப்படி எடுத்தார் என்பது தனிக்கதை.

மற்ற இடங்களில் மதில் நிஜமாகவே மதிலாக நின்றது. புனேயில் வேதியியல் ஆய்வுக்கூடமும் டெல்லியில் இயற்பியல் ஆய்வுக்கூடமும் 1950 ஜனவரியில் திறந்தன. இரண்டும் அரண்மனைபோன்ற கட்டடங்கள், நல்ல சம்பளம், புதிய கருவிகள். பல்கலைக்கழகத்தில் கரும்பலகைக்கும் விடைத்தாள் கட்டுக்கும் நடுவில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர்களில் கெட்டிக்காரர்கள் அங்கே போனார்கள். பல்கலைக்கழகத் திட்டங்களுக்கு மன்றம் மானியம் தருவதை நிறுத்திவிடவில்லை. ஆனால் பணத்தின் பெரும்பங்கு இப்போது தன் சொந்தக் கட்டடங்களுக்கும் சம்பளத்துக்கும் சென்றது. 1952-ல் மக்களவைக்குள் போன மேகநாத் சாகா, பல்கலைக்கழகங்கள் காய்ந்துகிடக்க ஆய்வுக்கூடங்கள் கொழுப்பதாகச் சாடினார். சி.வி. ராமன், ஆய்வுக்கூடங்கள் மளமளவென்று பெருகுவதற்கு ‘நேரு – பட்நாகர் விளைவு’ என்று பெயர் சூட்டினார் என்பார்கள். தன் பெயரில் ஏற்கெனவே ஒரு விளைவு வைத்திருந்தவர் சொன்ன கிண்டல் என்பதால் அது நிலைத்துவிட்டது.

பட்நாகரின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்றைய பல்கலைக்கழகங்கள் பலவும் தேர்வு நடத்தும் அலுவலகங்களாகவே இருந்தன. ஒரு டன் சாயம் எடுத்துப் பார்க்கும் அளவுக்குக் கொட்டகையோ கொதிகலனோ வைத்திருந்த கல்லூரியை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொழிலதிபர்களும் கல்லூரிக் கதவைத் தட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து எந்திரத்தோடு செய்முறையையும் சேர்த்து வாங்குவது அவர்களுக்குச் சுலபம். ஸ்டீல் பிரதர்ஸைப்போல ஐந்தாண்டு, பத்தாண்டு பொறுத்து ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பணம் போட்ட இந்தியக் கம்பெனிகள் மிகச் சில. அந்த லாகூர்த் துறையோ 1947-ல் எல்லைக்கு அப்பால் போய்விட்டது.

ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்புகளை ஆலைகளுக்கு விற்க 1953-ல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் என்ற அரசுக் கம்பெனி வந்தது. 1941-ல் பயன்பாட்டுக் குழு பார்த்த வேலைதான். இப்போது தனி அலுவலகம், தனிக் கணக்கு. எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் மைசூர் ஆய்வுக்கூடத்தின் முறை பிறகு குஜராத்தின் அமுல் கூட்டுறவுக்குப் போய்ச் சேர்ந்தது, நன்றாக விற்றும் போனது. அப்படிப் போய்ச் சேராமல் கோப்பில் கிடந்தவை அதைவிட அதிகம்.

அதே 1953-ன் கடைசியில், டிசம்பர் 28 அன்று, கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் பல்கலைக்கழக மானியக் குழுவைத் தொடங்கிவைத்தார். பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியர், நூலகம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றுக்கான மத்திய அரசுப் பணம் இனி இந்த வழியாக வரும் என்று ஏற்பாடு. அதன் முதல் தலைவர் வேறு யாருமல்ல, பட்நாகரே. ஒரு கையில் தேசிய ஆய்வுக்கூடங்களும் இன்னொரு கையில் பல்கலைக்கழகங்களுமாக, ஒரே மனிதரிடம் இரண்டு பைகளும் இருந்தது அந்த ஒரு வருடம்தான். 1955 ஜனவரி 1 அன்று அவர் மாரடைப்பால் காலமானார். மானியக் குழுவுக்கான நாடாளுமன்றச் சட்டம் 1956-ல் நடைமுறைக்கு வந்தபோது தலைவர் நாற்காலியில் சி.டி. தேஷ்முக் இருந்தார், பணம் வரும் வழிகள் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்திருந்தன.